ஒரே மொய்க்கு இரண்டு ரசீது

ஜூலை 18, வெள்ளி (ஆடி 2)

ஆடி பிறந்து இரண்டே நாள். அதற்குள் என் மேஜைமேல் மொய் விருந்துப் பத்திரிகைகள் மலையாகக் குவிந்துவிட்டன. அந்த மலைமேல் ஏறி நின்றால் பட்டுக்கோட்டை தெரியும், வானம் தெளிவாக இருந்தால் இலங்கையும் தெரியும்.

பிற்காலத்தில் இந்த டைரியைத் தோண்டி எடுக்கப்போகும் சரித்திர ஆசிரியர்களின் வசதிக்காக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். முதல் விஷயம், நான் யார் என்பது. பெயர் வைரக்கண்ணு. கற்பகச்சுடர் மைக்ரோ பைனான்ஸ், மணக்காட்டுப்பட்டிக் கிளை மேலாளர். அதாவது இரண்டு மின்விசிறி, ஓர் இரும்புப்பெட்டி, நான்கு ஊழியர்கள், சுற்றுவட்டாரத்தில் வாராவாரம் கூடித் தவணை கட்டும் பெண்கள் குழுக்களான அறுபத்தோரு சென்டர் அடங்கிய பேரரசின் சக்கரவர்த்தி. பிரஜைகள் என்னைச் சக்கரவர்த்தி என்று கூப்பிடுவதில்லை. மாமா என்கிறார்கள். பால்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் மாமா என்கிறார்.

இரண்டாவது, மொய் விருந்து. எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி வந்தால் முறை வந்த வீட்டார் பந்தல் போட்டுக் கறிச்சோறு ஆக்கி ஊரைக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். முன்பு நாம் அவர்களுக்குப் போட்டது திரும்பி வந்தால் அது பழைய நடை. அதற்கு மேலே போட்டால் புது நடை. புது நடையை அவர்கள் முறை வரும்போது நாம் திருப்ப வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். பத்திரம் கிடையாது, கைரேகை கிடையாது, வட்டி கிடையாது. ஒரு மேஜை, ஒரு கணக்கர், ஒரு மைக். வசூல் நூற்றுக்கு நூறு.

எங்களிடம் கைரேகை உண்டு, போட்டோ உண்டு, உறுதிமொழி உண்டு, சாட்டிலைட் பார்த்து வழிசொல்லும் டேப்லெட், சுருக்கமாக டேப், உண்டு. இந்த வார வசூல் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

சாயங்காலம் மண்டல மேலாளர் கௌதம் போன் பண்ணினார். சென்னைப் பிள்ளை, வயது இருபத்தொன்பது, கோபமே படமாட்டார். அதுதான் பயமாக இருக்கிறது. "அங்கிள், ஆகஸ்ட் பதினைஞ்சுக்குள்ள பாக்கி ஜீரோ ஆகணும். இல்லன்னா உங்க கிளையைப் பட்டுக்கோட்டையோட சேர்த்துருவாங்க" என்றார், சாம்பார் ஆறிப்போச்சு என்பதுபோல.

"ஆடி மாசம் தம்பி" என்றேன்.

"ஆடி எல்லா ஊர்லயும்தானே அங்கிள் வருது?"

இப்படிப்பட்ட மனிதருக்குப் பதில் சொல்ல நாலாயிரம் நாக்கு வேண்டும். எனக்கு ஒன்றுதான் இருக்கிறது.

மொத்தப் பாக்கி நாலு லட்சத்து அறுபதாயிரம்.

ஜூலை 20, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். தொட்டியில் தண்ணீர் இல்லை. கிணற்றில் வாளி போட்டு இறைத்ததில் என் முதுகு மூன்று துண்டாகப் பிரிந்தது.

மூன்றாவது துண்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே தையல்நாயகி கேட்டாள்: "நம்ம விருந்துக்குத் தேதி குறிச்சாச்சா?"

விஷயம் இதுதான். என் மாமனார் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த தென்னந்தோப்பு ஒன்று இருக்கிறது. அரை ஏக்கர்தான். கஜா புயல் ஊரையே படுக்கவைத்தபோது அந்தத் தோப்பில் மட்டும் முப்பத்தொரு மரம் நின்றது. மூத்த மகள் கல்யாணத்துக்காக அதைக் கமிஷன் கடை சாமியப்பனிடம் நாலரை லட்சத்துக்கு ஒத்தி வைத்தோம். வைத்தோம் என்றால், நான் பேசினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். ஆவணி கடைசிக்குள் மீட்காவிட்டால் கிரயம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் பேச்சு.

மீட்க வழியும் இருக்கிறது. ஒன்பது வருஷமாக ஊரில் ஒரு விருந்து விடாமல் மொய் எழுதியிருக்கிறோம். அந்தப் பணமெல்லாம் ஊருக்குள் நடந்துகொண்டிருக்கிறது. போன முறை வந்தபோது விருந்து வைக்காமல் விட்டுவிட்டோம். இந்த வருஷம் மறுபடி எங்கள் முறை. பந்தல் போட்டால் அத்தனையும் திரும்பும்.

ஒரே ஒரு சின்ன முள். எங்கள் கம்பெனி விதிப்படி ஊழியர் கடன்காரர்களிடம் கைநீட்டிப் பணம் வாங்கக் கூடாது. இந்த ஊரில் கடன்காரர் அல்லாத ஆள் கோயில் சாமி மட்டும்தான்.

"பார்க்கிறேன்" என்றேன்.

"போன முறையும் பார்த்தீங்க" என்றாள். தைலம் கண்ணில் பட்டதுபோல் எரிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

காலை ஏழு மணிக்குக் கீழத்தெரு சென்டர் மீட்டிங். சக்கரவர்த்தி நேரடி விஜயம். என் தங்கை மகள் சிந்துஜா அந்த சென்டரின் வசூல் அலுவலர். அவள் டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது பேர் வரவேண்டிய இடத்தில் ஒன்பது பேர். எழுந்து நின்று உறுதிமொழி சொன்னார்கள். தவணையைத் தவறாமல் செலுத்துவோம், ஒருவர் செலுத்தாவிட்டால் மற்றவர் சேர்ந்து செலுத்துவோம் என்று தேசிய கீதம் மாதிரி உருக்கமாகச் சொன்னார்கள். சொல்லி முடித்து உட்கார்ந்ததும் இரண்டு பேர்தான் பணம் எடுத்தார்கள்.

சென்டர் தலைவி பொற்கொடி கயிறு மில்லில் வேலை பார்க்கிறவள். மணிக்கட்டு வரைக்கும் நார்த்தூசி. அவளிடம், "ஏம்மா, நீயே மூணு வாரம் கட்டலையே" என்றேன்.

"என்ன மாமா தெரியாத மாதிரி கேக்குறீங்க? நேத்து ஒரு விருந்து, நாளைக்கு ரெண்டு. எங்க வீட்டுக்காரருக்கு மொய்க்காசை எண்ணி எண்ணி விரல் தேஞ்சுபோச்சு."

"தவணையைக் கட்டிட்டு மொய் எழுதக் கூடாதா?"

"உங்க தவணையக் கட்டலன்னா இந்தப் புள்ள வந்து வாசல்ல உக்காரும். ஒரு டீ போட்டுக் குடுத்தா போயிரும். மொய்ய விட்டா என் மாமியா செத்தாக்கூட தூக்க ஆள் வரமாட்டான். நீங்களே சொல்லுங்க, நான் எதை விடுறது?"

சிந்துஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீ குடித்திருக்கிறாள் என்பது தெளிவு.

"அதுவும் நீங்க ஒருத்தரா" என்று பொற்கொடி தொடர்ந்தாள். "செவ்வாக்கிழமை நீங்க. புதன்கிழமை மஞ்சச் சட்டைக்காரவங்க. வெள்ளிக்கிழமை அந்த மோட்டார்சைக்கிள் தம்பி. வியாழக்கிழம மட்டும்தான் யாரும் வர்றதில்ல. அன்னைக்கி எனக்கே ஒரு மாதிரியா இருக்கு, யாரையோ காணோமேன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். இந்தக் கம்பெனிகள் எல்லாம் ஒரே பெண்ணின் ஒரே சம்பளத்தை நம்பிக் கடன் கொடுத்திருக்கின்றன. இதைப் பத்துமுறை தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதிலாக வருஷா வருஷம் கடன் கொடுக்கவேண்டிய இலக்கைத்தான் உயர்த்தினார்கள்.

விதிப்படி பாக்கி வசூலாகும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. ஒன்பதரைக்கு மில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். விதி மட்டும் என்னோடு உட்கார்ந்திருந்தது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மகளிர் கடன் எல்லாம் தள்ளுபடி ஆகப்போகிறதாம் என்று டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். கட்டிய இரண்டு பேரும் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

ஜூலை 26, சனி

கௌதம் நேரில் வந்தார். குளிர்கண்ணாடி, காதில் ஒரு வெள்ளைப் பொத்தான், காரில் ஒரு பெட்டி பழச்சாறு. கிளையைச் சுற்றிப்பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது, சுற்ற அதற்குமேல் இடமில்லை.

"அங்கிள், க்ரியேட்டிவா யோசிங்க. இந்த ஊர்ல எல்லாரும் ஒரே நாள்ல ஒரே இடத்துல பணத்தோட வர்றாங்கன்னு சொல்றீங்க. அங்க நம்ம ஒரு டேபிள் போட்டா என்ன?"

"அது விருந்து வைக்கிறவங்களோட பணம் தம்பி."

"உங்களுக்கு யாரும் வேண்டியவங்க விருந்து வைக்கலையா?"

என் வாயை யார் திறந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. குலதெய்வத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. "நானே வைக்கலாம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல்முறை. "அதை சிறப்பு வசூல் முகாம்னு காட்டிடலாம். நான் அனுமதி வாங்கித் தர்றேன். பாக்கியை அடைச்சு மீண்டுவர்ற கிளைக்கு இந்த வருஷம் தலைமை அலுவலகத்துல ஒரு பெரிய சர்ப்ரைஸ் இருக்கு அங்கிள். பெரிசு."

ஜூலை 27, ஞாயிறு

இரவு முழுக்க அந்தச் சர்ப்ரைஸை யோசித்தேன். நாலு கிளைக்கு மேல் போட்டிக்கு வராது. இத்தனை பெரிய கம்பெனி, பெரிசு என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்கிறது என்றால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. ஆறுகூட இருக்கலாம். காலையில் பல் தேய்க்கும்போது அது எட்டு லட்சமாகியிருந்தது.

கணக்கு இப்படி. விருந்துப் பணம் பாக்கிக்குப் போகும், கிளை பிழைக்கும். சர்ப்ரைஸ் என் கைக்கு வரும், தோப்பு மீளும். மீதியில் தையல்நாயகிக்கு ஒரு வளையல். மகாராஜாக்கள் கோட்டை கட்டியதெல்லாம் இதைவிடப் பலவீனமான கணக்கில்தான்.

தையல்நாயகியிடம், "ஆகஸ்ட் ஏழு, வியாழக்கிழமை. இன்னும் நாலு வீட்டோட சேர்ந்து ஒரே பந்தல். கம்பெனி அனுமதியும் வாங்கியாச்சு" என்றேன்.

அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். "நெசமாவா?" என்றாள். பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்சநேரம் நின்றாள். தோசை கருகிவிட்டது. கருகியதையே தின்றேன்.

ஜூலை 31, வியாழன்

பத்திரிகை அச்சாகி வந்தது. 'வைரக்கண்ணு – தையல்நாயகி இல்ல மொய் விருந்து.' என் போட்டோவில் மீசையைச் சற்றுக் கூடுதலாகக் கறுப்பாக்கச் சொன்னேன். அச்சகத்தான் தாராளமாகச் செய்துவிட்டான். மூக்குக்குக் கீழே ஒரு கிடாய் படுத்திருப்பதுபோல் இருக்கிறது.

சிந்துஜாவுக்கு வேலையை விளக்கினேன். மேஜையில் மொய் எழுதிவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர்ப் பந்தலைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே அவள் டேப்போடு நிற்பாள். எழுதியவர் நம் கடன்காரர் என்றால் எழுதிய தொகையை அப்படியே அவர் பாக்கிக் கணக்கில் ஏற்றிவிட வேண்டும்.

"மாமா, அது அவங்க உங்களுக்குத் திருப்புற மொய். அதை அவங்க தவணைன்னு நான் ஏத்துனா, அவங்க பாக்கியை நீங்க கட்டுற மாதிரி ஆவுதுல்ல?"

"பணத்துக்குப் பேரா எழுதியிருக்கு?"

"அத்தைக்குத் தெரியுமா?"

"உங்க அத்தையைக் கேக்காம நான் என்னைக்காவது மூச்சு விட்டிருக்கேனா?"

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அப்பச் சரி" என்றாள். சின்னப் பெண்களுக்கு இப்போதெல்லாம் சந்தேகம் அதிகம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு (ஆடிப் பெருக்கு)

தையல்நாயகி காலையிலேயே தோப்புக்குப் போனாள். நானும் சித்ரான்னத் தூக்கைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். சாமியப்பன் ஆள் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தான். அவள் அவனிடம், "இந்த வெட்டுதான் கடைசி வெட்டு, நல்லாப் பறிச்சுக்க" என்றாள். பிறகு ஒவ்வொரு மரமாகப் போய்த் தட்டிப் பார்த்தாள். ஒரு மரத்தில் வண்டு விழுந்திருக்கிறதாம். "ஆவணி பொறந்ததும் இதுக்கு மருந்து வைக்கணும்" என்றாள்.

நான் தூக்கை எடுத்துக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போனேன். எலுமிச்சை சாதத்துக்கு வெயில் ஆகாது.

ஆகஸ்ட் 6, புதன்

ஐந்து வீட்டுக்கும் சேர்த்து முப்பது கிடாய். பந்தலின் ஒரு முனையில் நின்று இருமினால் மறுமுனைக்கு நாளைக்குத்தான் கேட்கும். கௌதம் நாளை கம்பெனி பேனர் கொண்டுவருகிறாராம். வேண்டாம் என்றேன். "விளம்பரம் அங்கிள்" என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். சக்கரவர்த்திகள் தோற்ற போரையும் எழுதத்தான் வேண்டும்.

பதினொரு மணிக்குப் பந்தி தொடங்கியது. கூட்டமென்றால் கூட்டம். மூன்று மாவட்டம் காலியாகி எங்கள் பந்தலுக்குள் வந்துவிட்டது. ஐந்து வீட்டுக்கும் ஐந்து மேஜை. எங்கள் மேஜையில் கணக்கர் மைக்கில் பேர் வாசித்தார்: கீழத்தெரு பொற்கொடி பழைய நடை இரண்டாயிரம், புது நடை ஆயிரம். அவர் பக்கத்தில் தையல்நாயகி. கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. ஒவ்வொரு நோட்டையும் வாங்கித் தடவிப் பையில் போட்டாள். வந்தவர்களையெல்லாம் "சாப்டீங்களா, கறி வெந்திருந்துச்சா" என்று கேட்டாள். அவள் இவ்வளவு பேசி நான் பார்த்து எத்தனையோ வருஷம்.

பந்தல் வாசலில் கௌதம் பேனரைக் கட்டினார். 'கற்பகச்சுடர் சிறப்பு வசூல் முகாம்.' அதைப் பார்த்துத் தையல்நாயகி புருவத்தைத் தூக்கினாள். "விளம்பரம்" என்றேன்.

இரண்டு மணிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்போது பொற்கொடி கை கழுவிவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக மேஜைக்கு வந்தாள்.

"அத்தாச்சி, இதைப் பாருங்க. இப்பத்தான் உங்களுக்கு மூவாயிரம் மொய் எழுதினேன். அதே மூவாயிரம் கம்பெனில வரவாயிருச்சாம், மெசேஜ் வந்துருக்கு. மொய்யும் கழிஞ்சுச்சு, தவணையும் கழிஞ்சுச்சு. ஒரே பணத்துக்கு ரெண்டு ரசீது. மாமா மாதிரி மனுசன் எங்க இருக்காக, சொல்லுங்க."

பின்னால் நின்ற பெண்களும் போனை எடுத்துப் பார்த்தார்கள். "எனக்கும் வந்துருக்குடி." "எனக்கும்."

தையல்நாயகி போனை வாங்கி மெசேஜைப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். கணக்கரிடம், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். பையை மடியோடு அணைத்தபடி எழுந்து தண்ணீர்ப் பந்தலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். கௌதம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"எவ்வளவு ஏத்திருக்கே?"

"இதுவரைக்கும் மூணு லட்சத்து எம்பதாயிரம் அத்தை."

"ஏத்துனதை எடுக்க முடியுமா?"

"முடியாது அத்தை. ராத்திரிக்குள்ள பணத்தை பேங்க் மெசின்ல போட்டாகணும்."

"போடலன்னா?"

சிந்துஜா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "போடலன்னா நான் எடுத்துட்டேன்னு ஆவும். என் கைரேகை வச்சுத்தான் டேப் திறக்கும்" என்றாள்.

"மாமா பேரு அதுல எங்கயும் இல்லையா?"

"இல்ல அத்தை. உங்ககிட்ட சொல்லியாச்சுன்னு மாமா சொன்னாங்க."

நான் சர்ப்ரைஸைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். ஐந்து லட்சம், குறைந்தபட்சம் ஐந்து லட்சம், ஆவணிக்குள்ளே வந்துவிடும் என்றேன். பந்தலில் யாரோ ரசம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டாள். பிறகு பையைச் சிந்துஜா கையில் கொடுத்தாள்.

"எண்ணி எடுத்துக்க. தனியாப் போகாத, யாரையாவது வண்டியில கூட்டிக்கிட்டுப் போ."

திரும்பிப் போய் மேஜையில் உட்கார்ந்தாள். இன்னும் நூறு பேர் எழுத வேண்டியிருந்தது. "சாப்டீங்களா, கறி வெந்திருந்துச்சா" என்று கடைசி ஆள் வரைக்கும் கேட்டாள்.

முன்னால் வந்தவர்களுக்கு இரண்டு ரசீது, பின்னால் வந்தவர்களுக்கு ஒன்று என்றால் ஊர் விடாது என்பதால் அவர்கள் மொய்யும் டேப்பில் ஏறியது. கடைசிக் கணக்கு: பாக்கி முழுவதும் வசூல். மிஞ்சியது கிடாய்க்கும் பந்தலுக்கும் சரியாகப் போனது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மீந்த கறியைச் சுடவைத்து நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை என்று சொல்லமுடியாது. "சோறு இருக்கு", "மோட்டார் போட்டிருக்கு", "கேஸ் வந்துச்சு" என்று மூன்று வாக்கியம் கிடைத்தது. மூன்றும் சுவரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. சுவர் பதில் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

கீழத்தெரு சென்டரில் இருபது பேரும் வந்திருந்தார்கள். ஆனால் இந்த வாரத் தவணையை ஐந்து பேர்தான் கட்டினார்கள். "அடுத்த முகாம் எப்ப மாமா?" என்று ஒருத்தி கேட்டாள். கிண்டலில்லை. நிஜமாகவே கேட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தஞ்சாவூரில் ஒரு ஏசி மண்டபத்தில் விழா. மீண்டெழுந்த கிளை என்று மைக்கில் என் பேரை 'வைரகன்னு' என்று வாசித்தார்கள். கைதட்டினார்கள். மேடையில் அந்தப் பெரிய சர்ப்ரைஸைக் கொடுத்தார்கள்.

ஒரு கண்ணாடிக் கோபுரம். முழங்கை உயரம், நல்ல கனம். அதோடு இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு துணிக்கடைக் கூப்பன். அந்தக் கடை சென்னையில் மட்டும்தான் இருக்கிறதாம்.

கௌதம் காதில் சொன்னார்: "அங்கிள், அடுத்த வருஷம் இந்த மாடலைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோறோம்."

"தமிழ்நாட்டுல எத்தனை மேலாளருக்குத் தம்பி ஒன்பது வருஷ மொய் வெளியில நிக்குது?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் கோபுரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எந்தக் கோயில் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. மணக்காட்டுப்பட்டிக் கிளை பட்டுக்கோட்டையோடு இணைக்கப்படுகிறது. பாக்கி காரணமில்லையாம். பாக்கி இல்லாத கிளையை இணைப்பது சுலபமாம். அதற்குத்தான் அத்தனை அவசரம். சிந்துஜாவுக்குப் பட்டுக்கோட்டை. எனக்குக் கிருஷ்ணகிரி.

போனில் கௌதமிடம் கத்தினேன். ஒரு சக்கரவர்த்தி கத்தவேண்டிய அளவுக்குக் கத்தினேன். எதிர்ப்பக்கம் அவர் "ஹலோ, ஹலோ, உங்க குரல் விட்டு விட்டுக் கேக்குது" என்றார்.

சிந்துஜா மேஜையைக் காலி செய்துகொண்டே, "மாமா, நான் அன்னைக்கே அத்தைகிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றாள்.

"உன் மேல என்னம்மா தப்பு" என்றேன்.

"என் மேலன்னு நான் சொல்லலையே."

செப்டம்பர் 3, புதன்

தையல்நாயகி தனியாகப் போய் சாமியப்பனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு இது டீக்கடையில்தான் தெரிந்தது. ஒரு லட்சம் கையில் வைத்தால் அடுத்த ஆடி வரைக்கும் கிரயம் கேட்கமாட்டேன் என்றாராம். எழுதியும் கொடுத்துவிட்டாராம். எனக்கு எழுதிக் கொடுத்திருக்கமாட்டார்.

தோடு அடகுக்கடையில் நாற்பதாயிரம். மீதி அறுபதாயிரத்துக்கு மஞ்சள் சட்டைக் கம்பெனியில் பொற்கொடி குழுவில் சேரப்போகிறாளாம். ஐந்து பேர் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

என் கம்பெனியின் எதிரிக் கம்பெனியில், என் மனைவி, கடன்காரியாக. ரத்தம் கொதித்தது. ஆனால் கிருஷ்ணகிரிக்குப் போகமாட்டேன் என்று நான்தான் நேற்று ராஜினாமாக் கடிதம் அனுப்பியிருந்தேன். அதனால் கொதித்த ரத்தத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ராத்திரி குழுப் பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அத்தாச்சி, நீங்க நல்லவுக. மாமா நாளைக்கி வேற ஒரு திட்டம் போட்டா நாங்க நாலு பேருல்ல கட்டணும்."

"அவருக்குத் தெரியாம வச்சுக்கிறேன்" என்றாள் தையல்நாயகி.

"அதெப்படி, புருசன் கையெழுத்து கேப்பாகளே" என்றாள் பொற்கொடி.

உள்ளே நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மஞ்சள் சட்டைக் கம்பெனி அதிகாரி வீட்டுச் சரிபார்ப்புக்கு வந்தார். இருபத்து நாலு வயசிருக்கும். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து வணக்கம் சொன்னார். "சார், உங்களைப் பத்தி எங்க டிரெயினிங்கிலேயே சொல்லியிருக்காங்க" என்றார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

கேள்விகளை டேப்பைப் பார்த்து வாசித்தார். வீடு சொந்தமா, கழிப்பறை இருக்கிறதா, மாடு உண்டா, வேறு எங்கெங்கே கடன். எல்லாக் கேள்வியும் என் கேள்விகள். ஆயிரக்கணக்கான வீட்டில் நான் கேட்டவை. அந்த வீடுகளின் ஆண்கள் எப்படி முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். என் கை என் முழங்காலில் இருந்தது.

"சாரோட வருமானம்?"

"தற்சமயம் ஓய்வு" என்றேன்.

"வேலை இல்ல" என்று தையல்நாயகி திருத்தினாள்.

அக்கம்பக்க விசாரணைக்குப் பொற்கொடியிடம் கேட்டார்: "வீட்டுக்காரர் எப்படிங்க? குடி, சீட்டு ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது தம்பி. வாய்தான். சும்மா இருந்தா ஊரையே வாங்கி வித்துருவாரு."

எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ.

கடைசியாக டேப்பை என் பக்கம் திருப்பினார். "இது கணவர் சொல்லவேண்டியது சார். உங்க மனைவி வாங்குற இந்தக் கடனும், அதை எதுக்குச் செலவழிக்கப் போறாங்கங்கிறதும் உங்களுக்கு முழுசாத் தெரியுமா?"

"தெரியும் தம்பி" என்றேன்.

"இங்க கைரேகை வைங்க சார்."

வைத்தேன். முதல் தடவை பிடிக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

தையல்நாயகி குனிந்து அந்தத் திரையைப் பார்த்தாள். "தம்பி, புருசன் பண்ணப்போறது பொண்டாட்டிக்குத் தெரியுமான்னு கேக்க இதுல இடம் இருக்கா?"

அவர் விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினார். பாவம், நிஜமாகவே தேடினார்.

"அப்படி ஒரு கேள்வி இல்லீங்க அக்கா."

"இருக்காது" என்றாள் அவள்.

பிறகு கணவன் மனைவி சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்று வேண்டும் என்றார். சுவரோரம் நின்றோம். இரண்டு பேரும் படத்துக்குள் வரவில்லை, கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்றார்.

நான்தான் நகர்ந்தேன்.